பால் பொங்கும்போது சொன்ன குறை

ஸ்ரீவில்லிபுத்தூர்
30.8.2025

செலினாவுக்கு,

நேரில் வந்தால் கத்திவிடுவேன், போனில் பேசினால் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

என் வீட்டுக்கு நீ குடி வருகிறாயே என்று, நேற்று உங்கள் ஜெபம் முடிந்ததும் ஆசை ஆசையாகப் பால் காய்ச்சினேன். பால் பொங்குகிற நேரம் பார்த்து, என் மாமியார் பக்கத்தில் நிற்கும்போது, "ஏட்டி வெங்கடேசு, இந்தச் செவுரு வெடிச்சிருக்கு, போட்டோ எடுத்துக்கிடுதேன்" என்கிறாய்! நல்ல காரியம் நடக்கிற இடத்தில் யாராவது குறை சொல்வார்களா? அதோடு விட்டாயா? ஜன்னலையெல்லாம் திறந்து மூடி, குழாயைத் திருகி, டெஸ்டரும் கையுமாகப் போலீஸ் மாதிரி சுற்றினாய். பேண்டேஜ் கம்பெனியில் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள் நாம். என்னையே சந்தேகப்படுகிறாயே, அதுதான் தாங்கவில்லை.

நல்லவேளை, உன் சாமான்கள் இன்னும் வரவில்லை. சாவியைக் கொடுத்தனுப்பு. வேறு வீடு பார்த்துக்கொள்.

வெங்கடேஸ்வரி

இராஜபாளையம்
2.9.2025

கோபக்கார வெங்கடேசுக்கு,

வாட்ஸ்அப்பிலும் என்னை பிளாக் பண்ணிவிட்டாய், அதனால் நானும் பேனா எடுத்தேன். பால் பொங்கும்போது வாயைத் திறந்தது தப்புதான். மாமியாரிடம் நானே மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் வீட்டைப் பார்த்தது தப்பில்லை.

முன்பு இருந்த வீட்டில் சுவர் ஊறிப்போய்த்தான் கிடந்தது. நாங்கள் கேட்காமல் குடிபோனோம். காலி செய்யும்போது எங்களால்தான் ஊறியது என்று சொல்லி அட்வான்ஸைப் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் ஜோவின் அப்பா அந்த வாசலில் கெஞ்சிக்கொண்டு நின்றார். உன் வாசலில் அப்படி ஒரு நாள் வரக்கூடாது. இருக்கிற குறையை இரண்டு பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், நாளைக்கு உனக்கும் எனக்கும் பேச்சு வராது.

இப்போது இருக்கிற இந்த வீட்டைப் பத்தாம் தேதிக்குள் காலி செய்ய வேண்டும். பிள்ளைகளோடு எங்கே போவேன் என்று பயமாகத்தான் இருக்கிறது. அது கிடக்கட்டும். உன் வீட்டுப் பாத்ரூமில் ஹீட்டரைப் போட்டு, குழாயில் டெஸ்டர் வைத்தால் லைட் எரிகிறது, குழாயிலேயே கரண்ட் வருகிறது. அதைச் சொல்வதற்குள் நீ கதவைச் சாத்திவிட்டாய். சுவிட்சை அணைத்து டேப் ஒட்டியிருக்கிறேன். யார் குடி வந்தாலும் சரி, முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு.

அதே செலினா

ஸ்ரீவில்லிபுத்தூர்
5.9.2025

என் தங்கமே செலினா,

நேற்று மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு எலக்ட்ரீஷியன் சதீஷோடு அந்த வீட்டுக்குப் போனேன். அவன் பார்த்துவிட்டு, "எக்கா, எர்த் வயரே குடுக்கல. இதுல யாரும் வெந்நி போட்டுக் குளிச்சாவளா?" என்றான். போன வாரம் வெள்ளையடித்துவிட்டு என் வீட்டுக்காரர் அங்கேதான் குளித்தார். "அவியளுக்கு வெந்நி ஆகாது. பச்சத் தண்ணிதான்" என்று சொல்லிக்கொண்டே அழுதுவிட்டேன். சதீஷ் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டான். இப்போதுதான் மூச்சு வருகிறது.

சாவி உன்னிடமே இருக்கட்டும். எட்டாம் தேதியே சாமான்களை இறக்கு. குறைகளை எழுதி வை, முதல் கையெழுத்து நான் போடுகிறேன். மாமியாரைப் பற்றிப் பயப்படாதே. "அந்தப் பிள்ளையக் கூப்பிட்டு நம்ம வீட்டையும் பாக்கச் சொல்லு" என்கிறார்.

என் மகள் பவித்ரா கோயம்புத்தூரில் வீடு பார்த்திருக்கிறாள். செலினா அத்தை வந்து பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதே என்று சொல்லிவிட்டேன். நீயும் நானும் போவோம். ஞாயிற்றுக்கிழமை உனக்குக் கோயில் இருக்கும், சனிக்கிழமையே போய்விட்டு வந்துவிடலாம்.

உன் வெங்கடேசு