பக்கத்துப் பள்ளியின் சிரிப்பு

அன்புள்ள என்னவருக்கு,

நான் இங்கே நலம். உங்கள் முட்டிவலி குறைந்ததா? சின்னவள் பாலைக் குடிக்கிறாளா, கொட்டுகிறாளா?

இந்த வட்டாரத் தலைமையாசிரியர்களான நாங்கள் மாதம் ஒருமுறை ஒரு பள்ளியில் கூடி, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்கிறோம். நேற்று பக்கத்துப் பள்ளியில் கூட்டம். அங்குள்ள தலைமையாசிரியை எங்களை ஆசிரியர் அறைக்கு அழைத்துப்போனதும் அவள் பள்ளிக் கணக்கு வாத்தியார் அவளிடம், "மேடம், உங்க டைம்டேபிள்ல மூச்சு விடக்கூட நேரமில்ல!" என்றார்.

"மூச்ச வீட்ல போய் விடுங்க சார்," என்றாள் அவள். அறையே சிரித்தது. எனக்கு வயிறு எரிந்தது.

"எங்க ஸ்கூல்ல நான் உள்ள நுழைஞ்சா ஒரு சத்தம் இருக்காது," என்று பெருமையாகச் சொன்னேன்.

"அய்யோ, அப்ப நீங்க யாருகூடத்தான் பேசுவீங்க?" என்றாள். குத்திக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். அதுதான் ஆறவில்லை.

அடுத்த மாதம் எல்லோரும் என் பள்ளிக்கு வருகிறார்கள். பரணில் இருக்கும் பெரிய ஃபிளாஸ்க்கை அனுப்புங்கள். தினமும் டீயோடு ஆசிரியர் அறையில் போய் உட்காரலாமென்று இருக்கிறேன். என்ன பேசுவதென்றுதான் தெரியவில்லை. நீங்கள் சொல்லி நான் சிரிக்காமல் விட்ட ஜோக்குகளில் நல்லதாக இரண்டு எழுதி அனுப்புங்கள்.

மணி அடித்துவிட்டது, முடிக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி