அப்பாவின் நோயைப் படிக்க

இன்னாசி மாதாகோயிலுக்குப் போயிருந்தார். அவர் திரும்புமுன், மெட்ராஸ் ரயிலைப் பிடிக்கப் போக வேண்டிய பொம்மிடி பஸ் வந்துவிடும் என்று, தங்கை டாக்டர் சவுரியம்மாள் காலண்டர் தாளின் பின்புறத்தில் எழுத உட்கார்ந்தாள். தூக்கமில்லாத கண்கள் எரிந்தன.

‘அண்ணா, களி பானையில இருக்குது. அப்பாவுக்கு மோர்ல கரைச்சுக் குடுங்க; விழுங்க மறந்துடறாரு. நீங்க வர்ற வரைக்கும் பக்கத்து வூட்டு ராமக்கா அவருகூட இருப்பாங்க. கொல்லைக் கதவைப் பூட்டியே வைங்க. இல்லேன்னா, பாடம் நடத்த நேரமாச்சுன்னு பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பிடுவாரு.’

பேனா நின்றது. முதியவர்களின் நினைவை அழிக்கும் இந்த மூளை நோயை மெட்ராஸில் மூன்று வருடம் ஆராய்ந்தால் டாக்டரேட் பட்டம். செலவுக்கு சர்க்கார் உதவிச் சம்பளம். இடம் கிடைத்ததாக வந்த கடிதத்தை நேற்று படித்துக் காட்டியபோது இன்னாசி கேட்டார்: “அப்பனை வுட்டுட்டு அப்பன் நோவைப் படிக்கப் போறியா?”

‘நேத்து கேட்டதுக்கு இன்னும் எங்கிட்ட பதில் இல்லீங்க. அப்பாவுக்கு மருந்தோட வருவேன்னும் சொல்ல மாட்டேன். டாக்டரா ரெண்டு வருசம் பக்கத்துல இருந்தும் ஒண்ணும் செய்யத் தெரியல. பார்த்துப் பார்த்து ஓஞ்சுட்டேன். அதான் போறேன்.’

பஸ் ஹாரன் கேட்டது. எழுந்தவள், மறுபடி குனிந்து அடி ஓரத்தில் பொடி எழுத்தில் நெருக்கி எழுதினாள்.

‘அப்பாகிட்ட சொல்லிக்கிட்டுத்தான் போறேன். படிக்கப் போறேன்னதும் கையெடுத்துக் கும்பிட்டாரு. “நல்லாப் படிங்கம்மா. எம்பொண்ணும் டாக்டருக்குத்தான் படிக்கிறா”ன்னாரு.’