இன்னொரு கிண்ணம் நுரை

அப்பா,

பார்சிலோனாவிலிருந்து நான் கொண்டுவந்த ஆலிவ் எண்ணெயை அம்மா முழங்காலில் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். சமையலுக்கு என்று படித்துப் படித்துச் சொன்னேன், கேட்டால்தானே. ஆவூர் வீட்டுக் கூடம் முழுக்க அந்த வாசம். அங்கே உங்களை நான் கூட்டிப்போன, அந்த ஊர்க்காரர்களான கட்டலான்களின் சாப்பாட்டுக்கடையில் கதவைத் திறந்ததும் அடித்ததும் இதே வாசம்தான்.

முழங்கால் வலியால் அம்மா பார்சிலோனாவுக்கு வரவில்லை. நீங்கள் மட்டும் பன்னிரண்டு நாள் என்னோடு இருந்தீர்கள். நான் டூட்டிக்குப் போனதும் நீங்களே கஞ்சி வைத்துக் குடித்துக்கொண்டீர்கள். கேட்டால் பிளைட்டில் வந்த சூடு என்றீர்கள். நானும் நம்பினேன். ஊர் திரும்புவதற்கு முந்தின நாள், ஒரு வேளையாவது நல்ல சாப்பாடு சாப்பிடாமல் அனுப்ப மாட்டேன் என்று பிடிவாதமாக இழுத்துப் போனேன்.

அந்தக் கடையில் எல்லாம் சின்னச் சின்னத் தட்டு. நடுவில் வைத்து இருவரும் பகிர்ந்து சாப்பிட வேண்டும். நான்கு தட்டு வந்த பிறகும் நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். சோறு எப்போது வரும் என்று கேட்டீர்கள். இதுதான் சாப்பாடே என்றதும், “தொட்டுக்கிறத மட்டும் வச்சுட்டு சோத்த மறந்துட்டாய்ங்க ஆத்தா” என்றீர்கள். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன்.

தக்காளி தேய்த்த ரொட்டியை என் பக்கம் தள்ளினீர்கள். உருளைக்கிழங்கு உருண்டையையும் தள்ளினீர்கள். மீன் வறுவலை ஒரு கிள்ளுக் கிள்ளி, பிரமாதம் என்று சொல்லி, அதையும் தள்ளினீர்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்தும் வாய்க்கு வக்கணை பார்க்கிறீர்களே என்று கடிந்துகொண்டேன். அப்போதுதான் கண்ணாடிக் கிண்ணத்தில் உருளைக்கிழங்கு நுரை வந்தது. சோப்பு நுரை மாதிரி லேசாக இருக்கும். அதை வழித்துச் சாப்பிட்டீர்கள். இன்னொரு கிண்ணம் கேட்டீர்கள். அப்புறம் இன்னொன்று.

எனக்குத் தலைகால் புரியவில்லை. புதுக்கோட்டை திருச்சி பஸ் ஓட்டிய காலத்தில், வண்டி நிற்கிற பத்து நிமிஷத்தில் நாலு பரோட்டாவை முடித்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்த மனுஷன் நீங்கள். ரிட்டயர் ஆகி இப்போதாவது நிதானமாக, ருசித்துச் சாப்பிடுகிறாரே என்று சந்தோஷப்பட்டேன். சத்தியமாகச் சந்தோஷப்பட்டேன் அப்பா. போனில் வீடியோ எடுத்து, அப்பா கட்டலான்காரர் ஆகிவிட்டார் என்று எழுதிச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டேன்.

நீங்கள் ஊர் திரும்பிய மூன்றாம் வாரம், தண்ணீர்கூட இறங்காமல் திருச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். விழுங்கச் சிரமம் எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்டபோது அம்மா வாயைத் திறக்கவில்லையாம். உங்களுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகுதான் என்னிடம் சொன்னாள்.

“அங்கிட்டு வர்றதுக்கு ரெண்டு மாசம் முந்தியே கஞ்சிதான்டி குடிச்சாக. சொன்னா ஒன்னையப் பாக்க விடாம ஆஸ்பத்திரில போட்டுருவாய்ங்கன்னு, எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாக.”

அம்மாவை நான் என்ன சொல்ல? அவள் நர்ஸ் இல்லை. நான்தான் நர்ஸ். பார்சிலோனா முதியோர் இல்லத்தில் என் வேலையே விழுங்க முடியாத கிழவர்களுக்கு ஊட்டுவதுதான். கெட்டியாக வேண்டாம், மசித்துக் கொடு, தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு விழுங்கச் சொல், அப்போதுதான் புரையேறாது. எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அடுத்த வாரம் திரும்பிப் போனதும் முதல் நாளே அதைத்தான் சொல்லப்போகிறேன். வேறு எனக்கு என்ன தெரியும்?

அந்த வீடியோவை அழிக்கவும் முடியவில்லை, முழுசாகப் பார்க்கவும் முடியவில்லை. ஒவ்வொரு கரண்டிக்கும் நீங்கள் கண்ணை மூடி, தாடையை நெஞ்சுவரை இறக்கி விழுங்குகிறீர்கள். யாரும் உங்களுக்குச் சொல்லித்தரவில்லை, நீங்களாகவே கண்டுபிடித்திருக்கிறீர்கள். மூன்றாவது கரண்டி இறங்கியதும் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறீர்கள், கண்ணில் தண்ணீர் நிற்கிறது. “மெதுவா சாப்புடுங்கப்பா, யாரும் புடுங்கிட்டுப் போயிற மாட்டாக” என்று என் குரல் சிரிக்கிறது.