நைனாவிடம் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பு

என் நைனாவுக்கு,

நீ போய் ஏழு மாதமாகிறது. வீட்டில் எல்லோரும் சுகம். அம்மா ஒரகடம் பக்கம் புதிதாக வந்த கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போகிறாள். சூப்பர்வைசரையே அதட்டுகிறாளாம். கேட்டதும் உன்னிடம் சொல்லிச் சிரிக்கத்தான் தோன்றியது.

இப்போது என் சேதி. கல்லூரியில் நாங்கள் பதினோரு பேர் சேர்ந்து, நம் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு விழா நடத்தினோம். 'நீதியும் நல்லிணக்கமும்' என்று பேனர். பறையாட்டம், நாடகம், கடைசியில் ஊர்த்தெருவும் நம் காலனியும் ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்துப் பேசுவது. இரண்டு பக்கமும் வீடு வீடாகப் போய் அழைத்தது நான்தான். டீ, ஊர்த்தெரு கணபதியின் கடையிலிருந்து வரட்டும் என்றதும் நான்தான்.

ஏன் என்று உனக்குத் தெரியும். தனி டம்ளர் வைத்தால் கேஸ் ஆகும் என்று பயந்து, அவர் காலனிக்காரர்களுக்கு மட்டும் பிளாஸ்டிக் கப்பில் கொடுக்க ஆரம்பித்தார். மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். "கம்பெனி கேன்டீன்ல உன் புள்ளையும் நானும் ஒரே டம்ளர்லதான் குடிக்கிறோம். கம்பெனி கேட்ட வுட்டு வெளிய வந்தா எனக்கு வேற கப்பா?" என்று கேட்டுவிட்டு வந்தவன் நீ. அப்புறம் சாகும்வரை அந்தக் கடையை மிதிக்கவில்லை. நானும்தான். அவர் வாயால் ஒருமுறை 'தப்பு' என்று வர வேண்டும். எனக்கு அந்த விழாவே அதற்காகத்தான்.

நடந்ததைக் கேள். எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று எங்கள் ஆட்கள் இருநூறு பிளாஸ்டிக் கப் வாங்கி வந்துவிட்டார்கள். நானும் பார்த்தேன், உறைக்கவில்லை. ஹாஸ்டலில் இருந்து இருந்து புத்தி மழுங்கிப்போச்சு. டீத் தட்டு முதலில் நம் பக்கம் வந்தது. அம்மா கப்பைத் தொடாமலே எழுந்தாள்.

"இன்னாடி இது? இதக் குடுக்கத்தான் எங்களக் கூப்ட்டு உக்கார வச்சியா?"

காலனிப் பெண்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, நைனா. ஊரை மன்னிப்புக் கேட்க வைக்க வந்தவள், முதல் ஆளாக நானே மைக்கைப் பிடித்துக் கேட்டேன். கப்பில் என்ன தப்பு என்று மதுரைப் பக்கத்திலிருந்து வந்து படிக்கும் தோழி விழித்தாள். உன் கதையை முழுசாகச் சொன்னேன், கணபதியை எதிரில் வைத்துக்கொண்டே.

 அவர் எழுந்து நேராக அம்மாவிடம் வந்தார். "தப்புதாம்மா. நாலு பேர் இன்னா சொல்லுவாங்களோன்னு பயந்துகினு பண்ணிட்டேன். மன்னிச்சிடும்மா."

நான் அழுதுவிட்டேன். அம்மா அழவில்லை.

"எங்கிட்ட இன்னாத்துக்குக் கேக்கறீங்க? கேக்க வேண்டிய மனுஷன் பூட்டாரு. நாளைக்கி இன்னாத்துல ஊத்தறீங்கன்னு பாக்கலாம்" என்றாள்.

விழா அதோடு முடிந்தது. ஆறிப்போன டீயைக் கீழே கொட்டினோம்.

மறுநாளிலிருந்து அவர் கடையில் எல்லோருக்கும் கண்ணாடி கிளாஸ்தான். ஊர்த்தெருவில் சிலர் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர் மாற்றவில்லை. போன வாரம் பஸ்ஸுக்கு நின்றபோது என்னைக் கேட்டார்: "உங்க நைனா இருந்தா மன்னிச்சிருப்பாராம்மா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குத் தெரியவில்லையே. நீயோ கோபக்காரன். மன்னித்திருப்பாயா? ஒரு வார்த்தை திட்டிவிட்டாவது மன்னித்திருப்பாயா?

ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன், நைனா. உனக்குப் பதிலாக நான் யாரையும் மன்னிக்க மாட்டேன். அது உன்னுடையது, அதில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை. மன்னிப்பில் என் பங்கு என்று ஒன்று இருக்கிறதே, அதைக் கொடுத்துவிடுகிறேன். நாளைக்குக் காலையில் அந்தக் கடையில் போய் உட்கார்ந்து ஒரு டீ சொல்லப்போகிறேன்.

கோபத்தில் உன்னையே உரித்துவைத்திருக்கும்
உன் மூத்த பொண்ணு,
செல்வி