இருபதாவது பெயர்

அன்பு மனைவிக்கு, ஆண்டவர் கிருபையால் சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி தணிந்ததா?

இங்கே என் பள்ளி திறந்துவிட்டது. இருபது பேர் சேர்ந்தால்தான் அனுமதி என்றார் அதிகாரி, பத்தொன்பதுதான் தேறியது. நம் ஊர்ப் பள்ளியில் எனக்குத் தலைமையாசிரியர் பதவி தராத தாளாளர், "உன்னை நம்பி யாருய்யா வருவாங்க?" என்றாரே, அது காதில் இரைந்தது.

அப்போது எங்கள் சமையற்கார அம்மா கையைக் கழுவிவிட்டு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஏன், எனக்குப் படிப்பு ஏறாதா? என் பேரையும் எழுதுங்க சார்!"

வயதைப் பற்றி விதியில் ஒன்றுமில்லை என்று சிரித்தபடியே அதிகாரி கையெழுத்திட்டார்.

பாடம் முடிந்த பிறகே அம்மா உலை வைப்பதால் எனக்குச் சாப்பாடு மூன்று மணிக்கு. பசித்தாலும் ஸ்தோத்திரம்தான்.

உன் பழைய மூக்குக்கண்ணாடியை அவருக்கு அனுப்பு. எனக்கு நாலு வரி எழுது. தாளாளரைப் பார்த்தால் இருபது பேர் என்று சொல்.

மணி அடிக்கிறது. தாமதமானால் அந்த அம்மா திட்டுவார்.

உன் கணவன்