காரணம் என்ற கட்டம்

அன்பு மகளே,

பள்ளிக்கு வந்த வெடிகுண்டு மிரட்டல் பொய் என்று போனில் சொன்னேன். மிச்சத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைக்குப் புரியட்டும் என்று, குண்டைப் பையில் ஒளித்துவைப்பார்கள் என்பதுவரை உன் ஜோவிதாவுக்குப் படிப்படியாக விளக்கினேன். "இப்போது பயமில்லை" என்று மட்டும் சொல்ல மறந்தேன். மறுநாள் வகுப்பில் பைகளைக் கண்டு அலறியிருக்கிறாள்.

"அங்கிள், மத்த பிள்ளைங்க பயப்படுறாங்க. இவ இனிமே வீட்லயே இருக்கட்டும்" என்றார் தலைமையாசிரியை.

"தாத்தா, நான் தப்பு பண்ணிட்டேனா?" என்று ஜோவிதா என் விரலை இழுத்தாள்.

தலைமையாசிரியை நீட்டிய பள்ளி விலகல் படிவத்தை நிரப்பினேன். காரணம் என்ற கட்டத்தில் "மாணவியின் நடத்தை" என்று அவர் சொன்னபடியே எழுதினேன். "தாத்தாவின் விளக்கம்" என்று எழுதத் துணிவில்லை.

தலைகுனிவுடன்,
அப்பா