நீங்கள் பேச வேண்டிய பதினைந்து நிமிடம்

பாய்,

நேற்று எங்கள் வீட்டுத் தபால் பெட்டியில் நீங்கள் வந்திருந்தீர்கள்.

பீட்சா கூப்பனுக்கும் பல் டாக்டர் விளம்பரத்துக்கும் நடுவில் பளபளவென்று ஒரு தேர்தல் அட்டை. நம் தொகுதியின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் மறுபடியும் நிற்கிறார். படத்தில் அவர் தோளில் சரிகைக் கரை போட்ட பொன்னாடை. இடப்பக்கம் முப்பத்திரண்டு பல்லும் தெரிய நான். வலப்பக்கம் சிரிக்காமல் நீங்கள், கையில் மடித்த தாளோடு. எல்லாச் சமூகங்களோடும் சேர்ந்து பாதுகாப்பான தெருக்களுக்காக உழைக்கிறாராம். கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. நீங்கள் சுடப்பட்டு ஒன்பது மாதம் ஆகிறது என்பது அட்டை அடித்தவனுக்குத் தெரிந்திருக்காது. அவருக்குத் தெரியும். அவர் ஆபீஸிலிருந்து உங்கள் வீட்டுக்கு அனுதாபக் கடிதம்கூட வந்தது, உங்கள் பெயரைத் தப்பாக எழுதி.

இதெல்லாம் உங்கள் மகளிடமிருந்து ஆரம்பித்தது. என் மகளும் அவளும் ஒரே வகுப்பு. பள்ளியில் துப்பாக்கிக்காரன் வந்தால் எப்படி ஒளிவது என்று ஒத்திகை வைத்தார்கள். விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, மூச்சுக் காட்டாமல். வகுப்பிலேயே சின்னவள் என்பதால் அலமாரி தனக்குத்தான் என்று அவள் இங்கிலீஷில் பெருமையாகச் சொன்னாளாம். மறுநாள் செல்போன் ரிப்பேர் கடையை அப்படியே போட்டுவிட்டு, நான் வேலை பார்க்கும் பக்கத்து மளிகைக் கடைக்கு வந்தீர்கள். நான் முருங்கைக்காய்ப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, எம்மக அலமாரிக்குள்ள ஒளிஞ்சதுக்கு ஸ்டிக்கர் வாங்கிட்டு வந்திருக்கா. அத நான் ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வைக்கணுமாம்" என்றீர்கள். அதற்கப்புறம் நீங்கள் சும்மா இருக்கவில்லை.

உடைந்த போன்களுக்கு நடுவே உட்கார்ந்து ஒரு மசோதாவைப் படித்தீர்கள். அடுத்தவரைச் சுட்டுவிடுவேன் என்று மிரட்டுகிறவனிடமிருந்து கோர்ட் துப்பாக்கியை வாங்கி வைக்கலாம், அவ்வளவுதான் அதில் விஷயம். அது நம் உறுப்பினர் தலைவராக இருந்த குழுவில்தான் அசையாமல் கிடந்தது. நீங்கள் சிட்டிசன், ஓட்டு இருந்தது. நான் கிரீன் கார்டு, வரி மட்டும். விடாமல் மூன்று மாதம் கேட்டு அவரைப் பார்க்கப் பதினைந்து நிமிடம் வாங்கினீர்கள். சொல்ல வேண்டியதை ஒரே பக்கத்தில் எழுதினீர்கள். என்னை வெங்காய மூட்டைமேல் உட்காரவைத்து, நான்தான் உறுப்பினர் என்று பாவித்துப் பேசிப் பழகினீர்கள்.

"கொஞ்சம் கெத்தா உக்காருய்யா. ரேஷன் கடை க்யூவுல குந்துன மாதிரி இருக்க."

என் புத்திதான் தெரியுமே உங்களுக்கு. பிளஸ் டூவும் ஐ.டி.ஐ.யும் முடித்து, மனைவியின் விசாவில் ஒட்டிக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தவன். எங்கள் கரூர் பக்கம் எம்.எல்.ஏ.வை வெறுங்கையோடு பார்க்கப் போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். அதனால் உங்களிடம் சொல்லாமல் ஹில்கிராஃப்ட் தெருவிலிருக்கும் புடவைக் கடையில் ஒரு பொன்னாடை வாங்கினேன். பழத்தட்டு வாங்கினேன். எலுமிச்சம்பழம் ஒன்று தனியாக. உங்களை அசத்துவதாக நினைப்பு.

அவர் அறைக்குள் நுழைந்ததும் நீங்கள் வாய் திறக்கும் முன் நான் போர்த்திவிட்டேன். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. இது என்ன துணி, எந்த ஊர், யாருக்கெல்லாம் போடுவீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எலுமிச்சம்பழம் எதற்கு என்று கேட்டார். பெரியவர்களைப் பார்க்கும்போது கொடுப்பது என்று சொல்ல என் இங்கிலீஷுக்கு மூன்று நிமிடம் பிடித்தது. போட்டோக்காரர் வந்தார். இன்னொரு தடவை போர்த்தச் சொன்னார். போர்த்தினேன். வெளிச்சம் சரியில்லை என்று ஜன்னலோரம் போய் மூன்றாவது தடவையும் போர்த்தினேன். நீங்கள் தாளைப் பிரித்து இரண்டு வரி படித்தீர்கள். உதவியாளர் பெண் கதவைத் தட்டி, அடுத்தவர்கள் காத்திருக்கிறார்கள் என்றாள். அவர் உங்கள் கையைக் குலுக்கி, அருமையான பண்பாடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

காரில் நீங்கள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஃப்ரீவேயை விட்டு இறங்கும்போதுதான் வாய் திறந்தீர்கள்.

"மனு குடுக்கப் போனோம் தம்பி. நீ கும்பாபிஷேகம் பண்ணிட்டு வந்துட்ட."

பிறகு நீங்களே சிரித்துவிட்டீர்கள். அடுத்த தடவை என்னை வண்டியிலேயே வைத்துப் பூட்டிவிட்டுப் போவதாகச் சொன்னீர்கள். நானும் சிரித்தேன். அடுத்த தடவை என்று ஒன்று இருப்பதாக இரண்டு பேருமே நம்பினோம்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து கடையைத் திறந்திருந்தீர்கள். வெளியே பார்க்கிங்கில் ஓரிடத்துக்கு இரண்டு பேர் சண்டை. ஒருவன் காருக்குள் குனிந்து துப்பாக்கியை எடுத்தான். குண்டு அவன் குறிவைத்த ஆளுக்குப் படவில்லை. உங்கள் கடைக் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு, யாருடைய போனையோ திறந்து குனிந்திருந்த உங்கள்மேல் பட்டது. எனக்கு ஏதோ பெட்டி சரிந்த சத்தம் மாதிரிதான் கேட்டது. யாரடா போட்டு உடைத்தது என்று கத்திக்கொண்டுதான் வெளியே வந்தேன், பாய்.

சுட்டவனுடைய மனைவி அதற்கு முன் இரண்டு முறை போலீஸில் சொல்லியிருந்தாளாம், இவன் யாரையாவது சுடப்போகிறான் என்று. கேட்டு எழுதிக்கொண்டு, துப்பாக்கியை வாங்கிவைக்கச் சட்டத்தில் வழியில்லை என்று அனுப்பிவிட்டார்களாம். நீங்கள் தாளில் எழுதியிருந்தது வேறென்ன?

நீ அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தாலும் அந்த உறுப்பினர் மாறியிருக்க மாட்டார் என்கிறாள் என் மனைவி. அவள் படித்தவள், சரியாகத்தான் சொல்லுவாள். ஆனால் அதை நிச்சயமாகத் தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை நான்தான் துணி போர்த்தி மூடிவிட்டேன். உங்கள் பதினைந்து நிமிடத்தை நான் தின்றேன். அது செரிக்கவில்லை.

இப்போது வேலை நாள் தவறாமல், பத்து மணி பிரேக்கில் அவர் ஆபீஸுக்குப் போன் பண்ணுகிறேன். முதல் நாள் நாலு தடவை தேங்க்யூ சொல்லிவிட்டு, விஷயத்தைச் சொல்ல மறந்து வைத்துவிட்டேன். அப்படிப்பட்ட ஆள்தான் நான். இப்போது தேறிவிட்டேன். உங்கள் மனைவி கொடுத்த அந்தத் தாளை முதலிலிருந்து கடைசிவரை படிக்கிறேன். என் வேகத்துக்குப் பதினோரு நிமிடம். சில நாள் பாதியில் பாட்டு போட்டுக் காத்திருக்கவைப்பார்கள், காத்திருப்பேன். சில நாள் கடைசி வரி முடிந்ததும் குளிரறைக்குள் கொத்தமல்லிக் கட்டுகளோடு நின்று அழுதுவிட்டு, வெங்காயம் என்று சொல்லிச் சமாளிப்பேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை, பாய். ஓட்டில்லாதவன், இங்கிலீஷ் இல்லாதவன், இதைத் தவிர என்ன செய்ய முடியும் என்று யாராவது சொன்னால் நாளைக்கே செய்வேன்.

காலையில் என் மகளோடு உங்கள் மகளையும் நான்தான் பள்ளியில் விடுகிறேன். வண்டியில் இரண்டும் ஓயாமல் இங்கிலீஷில் பேசும். இறங்கும்போது மட்டும் உங்கள் மகள் தமிழில், "போயிட்டு வரேன் அங்கிள்" என்பாள். அவள் கதவுக்குள் போய் மறையும்வரை வண்டியை எடுக்க எனக்குக் கால் வருவதில்லை. பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.

இன்று போனில் அந்த அட்டையைப் பற்றிக் கேட்டேன். படத்தில் இருப்பவர் உயிரோடு இல்லை, எடுத்துவிடுங்கள் என்றேன். எடுத்தது அந்த உதவியாளர் பெண்தான். மன்னிப்புக் கேட்டாள், கட்டாயம் சொல்கிறேன் என்றாள். பிறகு, கோபமாக இல்லை, களைத்த குரலில்தான் கேட்டாள்: என்ன பதில் கிடைத்தால் நீங்கள் கூப்பிடுவதை நிறுத்துவீர்கள்?

அந்த மசோதாவை அவர் ஓட்டுக்கு எடுக்கிற அன்று நிறுத்துகிறேன் என்றேன். இல்லாவிட்டால் படத்தில் இருக்கிற அந்த இறந்தவருடைய மகள் பள்ளிக்கூடம் முடிக்கிறவரை கூப்பிடுவேன்.

எந்த வகுப்பு படிக்கிறாள் என்று கேட்டாள்.

ஐந்தாவது என்றேன். அவள் அதைத் தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது.